கச்சானும் களையும்

மட்டக்களப்பு நகரின் வடபால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்த அமிர்தகழி, மாமாங்கேசுவரர் ஆலயத்தாற் பெயர் பெற்ற ஊராகும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் அவ்வாலயத் திருவிழாவுக்கு எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் திரளாக வருவர். தீர்த்தமாடி வீடு திரும்புவோர் கையில் வேறெது இல்லாவிடினும் ஒரு சரை கச்சான் இருக்கும். ஈழநாட்டில் தமிழர் வாழும் பகுதிகளிலெல்லாம் கோயிற் திருவிழாவையும் கச்சான் கடையையும் பிரித்தெண்ண இயலாது. சுடுமணலில் வறுபடும் கச்சானின் மணம் வீதியெங்கும் பரவும்போது, அதன் விலையைக் கேட்போர் பலர்; சுவையைப் புகழ்வோர் பலர். அக்கச்சான் விளைந்த நிலத்தில் யார் குனிந்து களை பிடுங்கினார் என்று கேட்பார் அரியர். ஆயினும் அப்பயிரின் விலையிற் பெரும்பங்கு அந்தக் குனிவுக்கே உரியது.

தமிழகத்தில் நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று வட்டாரந்தோறும் வேறுவேறு பெயர் பெற்ற இப்பயிர் ஈழத்திற் கச்சான் என்றே வழங்குகின்றது. சிங்கள மொழியில் இதற்கு வழங்கும் ‘ரட்டகஜு’ என்னும் பெயர் பிறநாட்டு முந்திரி என்று பொருள்படும். பெயரே சொல்லுவதுபோல இது வந்தேறிய பயிர். இதன் தாயகம் தென்னமெரிக்காவில் இன்றைய பொலிவியாவின் தென்பகுதியும் ஆர்ஜென்டீனாவின் வடபகுதியும் சந்திக்கும் மலையடிவாரம் என்பர். பெரு நாட்டிற் சிப்பான் என்னுமிடத்தில் 1987 ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டைத் தலைவனொருவனின் கல்லறையில், பொன்னாலும் வெள்ளியாலும் கச்சான் காய் வடிவிற் செய்த மணிகள் கோத்த மாலை கிடைத்தது. இன்று கோயில் வீதியிற் காகிதச் சுருளில் விற்கப்படும் பண்டம் அன்று அரச மார்பில் அணியாக விளங்கியது.

தமிழகத்திலே இப்பயிர் எண்ணெய்க்காகப் பெருகியது. தென்னார்க்காட்டில் விளைந்த கடலை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுச்சேரித் துறையினூடாகப் பிரான்சின் மார்செய் நகரத்து ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஈழத்தின் நிலை வேறு. தென்னை செழித்த இந்நாட்டில் எண்ணெய்க்குத் தேங்காய் இருந்தது. ஆகவே கச்சான் கொறிப்பதற்கும் இனிப்புப் பண்டங்களுக்குமே பயன்பட்டது. பெருந்தோட்டமாக அன்றி, குடும்பத்தார் தம் கையாற் பார்க்கக்கூடிய சிறு துண்டு நிலங்களிலே அது பயிராயிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரை, கிரான் முதலான பகுதிகளின் மணற்பாங்கான மேட்டுநிலங்களில் அதனை இன்றும் காணலாம். நிலத்தின் அளவு சிறிதாக இருந்தமையே அங்குக் களையெடுப்பின் வரலாற்றைப் பிற நாட்டு வரலாற்றினின்றும் வேறாக்கியது.

களை எல்லாப் பயிருக்கும் பகை. கச்சானுக்கோ அது இருமடங்கு பகையாகும். அதன் காரணத்தை அறியவேண்டின் அச்செடியின் விந்தையான இயல்பை முதலில் அறிதல் வேண்டும். விதைத்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் இலைக்கக்கத்திற் சிறு மஞ்சட் பூக்கள் தோன்றும். அவை விடியலில் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே சூலுற்று, அன்றே வாடிவிடும். வாடிய பூவின் அடியிலிருந்து விழுதுபோன்றதொரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்து உட்புகும். மண்ணின் இருளுக்குட் சென்ற பின்னரே அதன் நுனி பருத்துக் காயாகும். வெளிச்சத்தில் நின்றுவிட்ட விழுது காயாவதில்லை. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். பூப்பது வெளியிலும் காய்ப்பது மண்ணுக்குள்ளுமாக வாழும் இச்செடிக்கு, அடிமண் பொலபொலவென்று இருத்தலும், விழுது இறங்கியபின் அம்மண் கலைக்கப்படாதிருத்தலும் இன்றியமையாதன.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. கச்சான் குட்டையான செடி. முதல் ஆறு வாரங்களில் மெல்லவே வளரும். அதே காலத்திற் புல்லும் கோரையும் கீரை வகைகளும் அதனை மீறி எழுந்து வெயிலை மறைத்து நீரையும் எருவையும் உண்டுவிடும். முதல் 40, 45 நாட்கள் களையின்றிக் காக்கப்பட்டாற் செடி தானே படர்ந்து நிலத்தை மூடிப் பின்வரும் களையை அடக்கிவிடும். காக்கப்படாவிடின் விளைவின் பாதிக்கு மேலும் அழியக்கூடும். ஆனால் ஏறத்தாழ அதே நாளில் விழுதுகள் மண்ணில் இறங்கத் தொடங்குகின்றன. அதன்பின் மண்வெட்டியை உள்ளே விட்டால் களையோடு காயும் போகும். நெல் வயலிற் காலந்தாழ்த்திய களையெடுப்பு குறைந்த பயனையாவது தரும். கச்சான் நிலத்திலோ அது களையைவிடப் பெரிய கேடாக முடிந்துவிடும். அன்றியும், அறுவடையின்போது செடியைப் பிடித்து இழுக்கையிற் புல்வேரோடு பின்னிக் கிடக்கும் காய்கள் அறுந்து மண்ணிலே தங்கிவிடும். கச்சான் செய்வோர் நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பது இதனாலேயே.

மிகப் பழைய முறையில் இக்களையெடுப்பைச் செய்தது கை அன்று, நெருப்பு. சேனைப் பயிர்ச்செய்கை என்பது கிழக்கு மாகாணத்திலும் உலர்வலயம் முழுவதிலும் நெடுங்காலம் நிலவிய முறையாகும். கோடையிற் காட்டுத் துண்டொன்றை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டு, மாரி தொடங்குமுன் தீமூட்டி, மழை விழுந்ததும் சாம்பல் படிந்த மண்ணிற் குத்தி விதைப்பர். சோளம், குரக்கன், இறுங்கு, பயறு, பூசணி என்பவற்றோடு கச்சானும் ஒரு மூலையில் இடம்பெறும். பல்லாண்டு காட்டு நிழலிற் கிடந்த மண்ணில் வயற்களைகளின் விதை அரிது. இருந்த சிலவற்றையும் மேற்பரப்பில் எரிந்த தீ பொசுக்கிவிடும். ஆதலின் முதலாண்டிற் சேனைக்காரனுக்குக் களைபற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. காட்டுப்பன்றியும் யானையுமே அவன் கவலை. பரணிலே கண்விழித்திருந்தான், நிலத்திலே குனிந்திருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டிற் காற்றோடும் பறவையோடும் வந்த விதைகள் முளைத்தன. மூன்றாம் ஆண்டிற் புல் வென்றது. சேனை கைவிடப்படுவதற்கு மண்வளம் குன்றியதே காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். அது பொய்யன்று. எனினும் நிலத்தில் நின்றவனுக்கு முதலிற் கண்ணிற்பட்ட காரணம் களையே. மூன்றாம் ஆண்டுக் களையை எடுக்கும் உழைப்பைவிடப் புதிய காட்டை வெட்டும் உழைப்பு குறைவாக இருந்தது. எனவே அவன் நகர்ந்தான். விட்ட நிலத்தைக் காடு மீண்டும் மூடியது. நிழல் புல்லைக் கொன்றது. இவ்வாறு பார்த்தால் நெருப்பும் நிழலும் சேர்ந்த நீண்டதொரு களையெடுப்பே சேனை எனலாம். அதனை அறியாமையின் தொழில் என்றும் காட்டழிப்பு என்றும் மட்டும் கண்ட ஆங்கில ஆட்சியாளர், அதற்குள் இருந்த இந்தக் கணக்கைப் பெரும்பாலும் காணவில்லை.

அக்கணக்கு காடு அகன்றிருந்தவரையில் மட்டுமே சரிவந்தது. அனுமதிச் சீட்டுகளும் காட்டுச் சட்டங்களும் ஒருபுறம் நெருக்க, மக்கட்பெருக்கம் மறுபுறம் நெருக்கியது. பத்து, பதினைந்து ஆண்டு ஓய்ந்த நிலம், நாலைந்து ஆண்டிலேயே மீண்டும் வெட்டப்பட்டது. காடு வளர நேரமில்லை. பற்றையும் இலுக்குப் புல்லும் வளர்ந்தன. இலுக்கோ தீயினால் அழிவதில்லை. அதன் கிழங்குத் தண்டு நிலத்தினுள் ஆழமாக ஓடுவதால் மேலே எரிந்த சில நாட்களிலேயே புதுக்குருத்து வெளிப்படும். எரிப்பதனால் அதற்குப் போட்டியான பிற செடிகள் ஒழிய, அஃது ஒன்றே செழிக்கும். முன்னோர்க்குக் களையெடுத்துக் கொடுத்த நெருப்பே பின்னோர்க்குக் களை வளர்க்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கால் வைத்த நிலத்திலேயே நின்று ஆண்டுதோறும் பயிரிடும் நிலை வந்தபோது, களையைக் கையாலே எதிர்கொள்வதன்றி வேறு வழி இருக்கவில்லை.

களை பிடுங்குவதும் கொத்துவதும் தமிழுலகிற் பழமையான வேலைகள். களையெடுத்தலை நம் முன்னோர் ‘களைகட்டல்’ என்றனர். வள்ளுவர் உழவினைப் பேசும் அதிகாரத்தில் எருவிடுதலுக்கும் நீர்பாய்ச்சலுக்கும் இடையே அதனையும் வைத்துப் பேசுகின்றார். திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தை வணங்குவோர் அவர் கையிலுள்ள உழவாரத்தைக் காண்பர்; கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய கருவி அது. அதே பெயருடைய கருவியாற் புல் செதுக்குவதை அண்மைக்காலம் வரை ஈழத்து ஊர்களிற் காணலாம். ஆயினும் கச்சான் நிலத்தில் நடந்த வேலையின் பெரும்பகுதிக்குக் கருவியே இல்லை. விரல்களே கருவி.

இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். விடியற்காலையிற் பனி உலருமுன் தொடங்குவர். வெயில் ஏறி மணல் சுடும்போது நிறுத்தி, மாலையில் மீண்டும் இறங்குவர். வரிசையாகக் குந்தியிருந்து, இடக்கையாற் கச்சான் செடியை ஒதுக்கிப் பிடித்து, வலக்கையாற் களையின் கழுத்தைப் பற்றி வேரோடு இழுப்பர். சொல்லுதற்கு எளிது. முளைத்து இரு வாரமான நிலத்தில் எது கச்சானின் துணைச்செடி, எது பயறு, எது தகரை, எது கொழுஞ்சி என்பதை இரண்டிலைப் பருவத்திலேயே அறிந்துகொள்ளும் கண் வேண்டும். எப்புல் இழுத்தால் வரும், எது அறுந்து வேரை உள்ளே விட்டுவிடும், எதனை மழைபெய்த மறுநாள் மட்டுமே தொடவேண்டும் என்னும் அறிவும் வேண்டும். இவ்வறிவு எப்பள்ளியிலும் கற்பிக்கப்பட்டதன்று. தாயோடு வரிசையிற் குந்திய மகள் கற்றது. இதற்குக் கிடைத்த கூலியோ உழுத ஆணின் கூலியிலும் குறைவு. உழவை வேலை என்றும் களையெடுப்பை உதவி என்றும் கருதிய வழக்கம் நெடுங்காலம் நீடித்தது; அது நியாயமான வழக்கமென்று எவரும் வாதிட முடியாது.

பிடுங்கிய யாவும் குப்பையாகவும் இல்லை. முட்கீரையின் இளந்தளிரும் சாரணையும் சட்டிக்குப் போயின. அறுகம்புல்லும் பிற புற்களும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயின. கொழுஞ்சியை, ஈழத்தார் காவிளாய் என்பர், பூக்குமுன் மண்ணிற் புதைத்துப் பசளையாக்கினர். களை என்பது இடமறியாது முளைத்த பயிர் என்று சொல்வது இத்தகையோர்க்கு வெறும் சொல்லன்று.

கோரைக்கு மாத்திரம் எவ்விடத்தும் நற்பெயர் கிடைக்கவில்லை. உலகின் கொடிய களைகளை ஆராய்ந்து லீரோய் ஹோம் என்பவரும் துணையாசிரியரும் 1977 இல் வெளியிட்ட நூலில் முதலிடம் பெற்றது இக்கோரையே. அதனைப் பிடுங்கினால் இலை மட்டும் வரும். கீழேயுள்ள கிழங்கு உடனே வேறொரு முளையை விடும். கொத்தினாற் சங்கிலிபோற் கோத்துக்கிடக்கும் கிழங்குகள் பிரிந்து ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். அதற்குப் பழங்கமக்காரர் கண்ட மருந்து வெயில். கடுங்கோடையிலே நிலத்தைப் புரட்டிக் கிழங்கை மேலே கொண்டுவந்து நாட்கணக்கிற் காயவிட்டால் அது உலர்ந்து சாகும். மட்டக்களப்பில் மேற்கிலிருந்து வீசும் வரண்ட கோடைக்காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். கச்சான் வீசும் மாதங்களிற் புரட்டிய நிலத்திற் கச்சான் விதைப்போர்க்குக் கோரைத் தொல்லை குறைவு என்பது பெயரொற்றுமையையும் கடந்த உண்மையாகும்.

விஞ்ஞான முறை மெல்ல வந்தது. இலங்கையில் விவசாயத் திணைக்களம் 1912 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதாயினும், தேயிலை, இறப்பர், தென்னை, நெல் என்பவற்றுக்குப் பின்னரே மேட்டுநிலப் பயிர்களின் முறை வந்தது. மகாஇலுப்பள்ளத்து ஆராய்ச்சி நிலையத்தில் உலர்வலயக் கமத்தை ஆராய்ந்த ஏர்னெஸ்ட் அபயரத்ன, சேனைக்குப் பதிலாக நிலையான மேட்டுநிலக் கமம் இயலுமா என்னும் வினாவை 1956 இல் திணைக்களத்தின் இதழில் விரிவாக எழுதினார். அவ்வினாவுக்கு விடை காண முயன்ற எவரும் களையைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. மழையோடு விதையும் முளைக்கின்றது, அதே மழையோடு களையும் முளைக்கின்றது, கையோ இரண்டுதான்.

அக்காலத்தில் வந்த மாற்றங்களுட் பெரியது, பார்வைக்கு மிகச் சிறியது: வரிசை. அள்ளி வீசியும் கண்டபடி குத்தியும் விதைத்த இடத்தில், கயிறு பிடித்து வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விட்டு நடுமாறு கற்பிக்கப்பட்டது. வரிசை வந்ததும் மண்வெட்டி உள்ளே நுழைந்தது. இடைவெளியைக் கொத்திவிட்டு, செடியடியிலுள்ளதை மாத்திரம் கையாற் பிடுங்கினாற் போதும். நாட்கணக்கில் இழுத்த வேலை சுருங்கியது. கொத்திய மண்ணைச் செடியடிக்கு அணைத்துவிட்டால் விழுது எளிதில் இறங்கும் என்பதும் கண்டனர். தமிழகத்திலும் 40 ஆம் நாளையொட்டி இரண்டாங் களையெடுத்து, ஜிப்சம் இட்டு, மண் அணைப்பது வழக்கமாயிற்று.

விஞ்ஞானம் எங்கும் ஒரே குரலிற் பேசுவதில்லை என்பதற்கு இம்மண்ணணைப்பே சான்று. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1950களில் லிற்றன் பொயில் என்னும் ஆய்வாளர், கச்சான் செடியின்மேல் மண் தள்ளுதல் கூடாது என்று நேர்மாறாக வற்புறுத்தினார். செடியின் தண்டு மண்ணில் மூடுண்டால் தண்டழுகல் நோயை விளைக்கும் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. அங்கு யந்திரக் கலப்பைகள் மண்ணை வாரித் தள்ளின. பயிரோ பெரும்பாலும் படர்கொடி இனம். இங்கு மண்வெட்டி பிடித்த கை இலையை மூடாது வேரடியில் மட்டும் மண்ணைக் கூட்டியது. பயிரும் நிமிர்ந்த கொத்து இனம். இரண்டும் அவ்வவ்விடத்திற் சரியே. ஓரிடத்துச் சிபாரிசை ஈரெழுத்து மாற்றாமல் மற்றோரிடத்துக்கு அனுப்பும் துண்டுப்பிரசுரங்களே தவறானவை.

உழவு யந்திரமும் பின்னர் ‘லான்ட் மாஸ்டர்’ என்று ஊரார் அழைக்கும் இருசில்லு யந்திரமும் பரவியபோது நிலத்தைப் பதப்படுத்தல் இலேசாயிற்று. யந்திரத்தால் யாவும் ஆகும் என்னும் மயக்கம் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தது. பிரித்தானிய அரசு கிழக்காபிரிக்காவின் தங்கனீக்காவிற் பற்றைக்காடுகளை யந்திரத்தால் அழித்து மாபெரும் கச்சான் தோட்டம் அமைக்க 1947 இல் முற்பட்டு, மண்ணின் இயல்பையும் மழையின் அளவையும் அறியாமையால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி பவுணுக்கு மேல் இழந்து, 1951 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. வாகரையிற் கால் ஏக்கர் செய்தவனுக்கு அந்தச் செய்தி எட்டியிராது. எட்டியிருந்தாற் சிரித்திருப்பான்.

இனி, மருந்தின் காலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட எம்.சி.பி.ஏ., 2,4-டி என்னும் களைநாசினிகள் புல்லினத்தை விட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்பவை. நெல் புல்லினம். ஆகவே அவை நெல்வயலுக்குப் பெருந்துணையாயின. மட்டக்களப்பு வயல்களிற் பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, விதைப்பே வழக்கம். வரிசையில்லாத விதைப்பு வயலிற் களை பிடுங்குதல் கடினம். எனவே 1960கள் முதலாகத் தெளிகருவியை முதுகிற் சுமந்த ஆண்கள், நிரையாகக் குனிந்த பெண்களின் இடத்தைப் பிடிக்கலாயினர். கச்சானோ தானே அகன்ற இலைச் செடி. நெல்லைக் காத்த மருந்து கச்சானைக் கொல்லும். பக்கத்து வயலிலிருந்து காற்றோடு வந்தாற்கூட இலை சுருளும். இதனால் நெல்வயலில் மருந்து வந்து ஒரு தலைமுறை சென்ற பின்னும் கச்சான் நிலம் கைக்களையோடே இருந்தது.

அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கச்சானுக்கென்றே மருந்துகள் தேடப்பட்டன. விதைத்தபின் முளைக்குமுன் ஈரமண்மேல் தெளித்து, களைவிதை முளைக்கையிலேயே அதனை அழிக்கும் அலக்குளோர், பென்டிமெதலின் போன்றவை வந்தன. அவை பெருநிலத்தார்க்கு உதவின. சிறு துண்டு நிலத்தில் அவற்றின் அளவைக் கணக்கிடுவதும், மழை தவறினாற் பயனற்றுப் போவதும் இடையூறாயின. கோரைக்கிழங்கை அவை பெரிதும் தொடவுமில்லை. கிழக்கின் மேட்டுநிலத்தில் உண்மையாக வேரூன்றியவை வேறிரண்டு மருந்துகள்: விதைக்குமுன் நிலத்தைத் துப்புரவாக்கத் தெளிக்கும் பராகுவற், கிளைபோசேற் என்பன. பராகுவற் தொட்ட பச்சையையெல்லாம் கருக்கும். கிளைபோசேற் இலைவழி இறங்கிக் கிழங்குவரை செல்லும். இலுக்கையும் கோரையையும் அடக்கிய முதல் மருந்து அதுவே என்பதைக் கமக்காரர் நன்கறிந்தனர்.

மருந்து பரவியதற்கு அதன் வலிமை மட்டும் காரணமன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதித் தடையாற் பாதுகாக்கப்பட்ட உப உணவுப் பயிர்களுக்கு அதன்பின் அப்பாதுகாப்பு நீங்கியது. செலவைக் குறைக்கவேண்டிய நெருக்கடி வந்தது. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலைக்குப் பெண்கள் செல்லத் தொடங்கியதும் அக்காலத்தையொட்டியே. களை வரிசையிற் குந்தியிருந்த கைகள் வேறு நாட்டு அடுக்களைகளுக்குப் போயின. எஞ்சிய கைகள் உரிய கூலி கேட்டன. கூலி உயர்ந்ததைக் குறையாகச் சொல்வோர், முன்பு அது எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

பின்னர் 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திற் கச்சான் நிலங்கள் பல பலமுறை கைவிடப்பட்டன. வாகரைப் பகுதி மக்கள் 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஊரோடு இடம்பெயர்ந்தனர். அதற்கு முன் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோர மணல் நிலத்தையும் கிணறுகளையும் உவர்ப்பாக்கியிருந்தது. மக்கள் மீண்டபோது வயலெல்லாம் நாயுண்ணிப் பற்றையும் இலுக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகும்வரை மண்வெட்டியை ஓங்கவும் அஞ்சவேண்டியிருந்தது. சேமித்து வைத்த விதைக்கச்சானும் போயிருந்தது. அந்நிலையில் மருந்துப்புட்டியை நாடியவரைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது.

மருந்தின் மறுபக்கமும் கிராமங்களில் மறைவாக இருக்கவில்லை. பராகுவற்றை விழுங்கியவர்க்கு மாற்றுமருந்து இல்லை. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அவற்றிற் பெரும்பங்கு வீட்டு மூலையில் வைத்த பூச்சிமருந்தாலும் களைமருந்தாலும் நேர்ந்தது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. பராகுவற்றின் செறிவு முதலிற் குறைக்கப்பட்டு, 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாக அது நிறுத்தப்பட்டது. அத்தடைகளால் உயிர்கள் காக்கப்பட்டன. விளைச்சல் அதனாற் சரியவில்லை என்பதும் ஆய்வாளர் கண்டதே. தடை என்றால் யாவும் ஒன்றென்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

ஏனெனில் அடுத்து வந்த தடைகளின் வரலாறு வேறு. வடமத்திய மாகாணத்திற் பரவிய சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேற் காரணமாகலாம் என்னும் ஐயத்தின்பேரில் 2015 ஜூனில் அது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஐயம் ஐயமாகவே இருந்தது, விஞ்ஞானிகள் ஒருமைப்படவில்லை. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. ஏற்றுமதிப் பயிருக்கு ஒரு நீதி, கால் ஏக்கர்க் கச்சானுக்கு ஒரு நீதி என்று கமக்காரர் முணுமுணுத்ததில் வியப்பில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையோடு பீடைகொல்லி, களைநாசினி யாவற்றின் இறக்குமதியும் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. கிளைபோசேற்றின் மீதான தடை 2022 இல் நீங்கியது. பராகுவற் தடை ஆண்டுக்கணக்கில் அறிவித்துச் செய்யப்பட்டது, மாற்றும் இருந்தது. 2021 இன் தடையோ ஒரு போகத்துக்கும் மறுபோகத்துக்கும் இடையில் வந்தது. மண்வெட்டிக்குத் திரும்புக என்று சொல்லப்பட்டது. மண்வெட்டி பிடிக்கும் கை எங்கே என்று எவரும் கேட்கவில்லை. இரண்டிலைப் பருவத்தில் களையை இனங்காணும் கண்களும் அதற்குள் அரிதாகிவிட்டிருந்தன. ஒரு தலைமுறை செய்யாத வேலை மறு தலைமுறைக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தல் எவ்வாறு?

இன்று கிழக்கின் மேட்டுநிலத்தில் எம்முறையும் தனித்து நிற்கவில்லை. ‘திஸ்ஸ’, ‘வளவ’ போன்ற இனங்களை விதைப்போர், மாரிக்கு முன் ஒருமுறையும் முதல் மழைக்குப்பின் முளைத்த களையை அழிக்க மறுமுறையும் உழுகின்றனர். அவ்விரண்டாம் உழவுக்காகச் சில நாள் பொறுத்திருப்பது, விதைப்பு பிந்தும் என்ற அச்சத்தையும் மீறிப் பயன் தருகின்றது. வாங்க முடிந்தோர் நிலம் பண்படுத்துகையில் மருந்து தெளிப்பர். வரிசைக்கிடையே தள்ளிச்செல்லும் சிறு சில்லுக் களைகருவிகளும் சிலவிடத்து வந்துள்ளன. தளர்ந்த மணலில் அவை நன்றாக ஓடும், ஈரக் களியில் ஓடா. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் கச்சானே இடாது சோளத்தோடு மாற்றி இடுவோர்க்குத் தண்டழுகலும் குறைகின்றது, ஒரே வகைக் களை தங்கிப் பெருகுவதும் குறைகின்றது.

எவ்வாறு தொடங்கினும் 15 முதல் 20 நாளுக்குள் முதற் கொத்தும், 35 முதல் 40 நாளுக்குள் மண்ணணைப்போடு இரண்டாம் கொத்தும் முடிந்தாக வேண்டும். அந்த இரண்டாம் கொத்துக்கு ஆள் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. அயலிலுள்ள சில குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து ஒருவர் நிலத்தை முடித்து அடுத்தவர் நிலத்துக்குச் செல்லும் பழைய வழக்கத்தை மீண்டும் கையாள்கின்றனர். கூலி கைமாறுவதில்லை, நாள் கைமாறுகின்றது. விழுது இறங்கிய பின் எழும் களையை எவரும் வேரோடு இழுப்பதில்லை. நிலமட்டத்துக்கு மேலே கத்தியால் அரிந்து, கட்டாகக் கட்டி, மாலையில் ஆட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.